கழுத்தைத் திருப்புவதில் நாம் செய்யும் தவறுகள்

மதுரை கோரிப்பாளையத்தில் வண்டியை வளைக்கும் முன் ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்க்கிறோம். அந்தக் கழுத்துத் திருப்பத்தில் ஏறக்குறைய பாதி, கழுத்தின் உச்சியில் இருக்கும் ஒரே மூட்டில் நடக்கிறது. கழுத்தில் உள்ள ஏழு எலும்புகளில் முதலாவது ஒரு வளையம். மண்டையைத் தாங்குவது அதுதான். இரண்டாவதில் மேல்நோக்கி ஒரு முளை நிற்கிறது. திருகையின் மேல்கல் முளையைச் சுற்றுவது போல, வளையம் அந்த முளையைச் சுற்றித் திரும்புகிறது. கீழே உள்ள எலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் இங்கே கிடையாது. எலும்பை எலும்போடு கட்டியிருக்கும் உறுதியான நார்கள்தான் இந்த மூட்டைக் காக்கின்றன.

நோய் எதுவும் இல்லாத இளவயதுக்காரர் ஒரு பக்கம் சுமார் 80 டிகிரி தலையைத் திருப்புவார். அதில் 40 டிகிரி போல இந்த மூட்டின் பங்கு.

பிசியோதெரபிக்கு வருகிறவர்கள் பலர் "எனக்கு நல்லாத்தான் திரும்புது" என்று காட்டும்போது தோளையும் சேர்த்துத் திருப்புகிறார்கள். அது கழுத்தின் கணக்கு ஆகாது. முதுகை நாற்காலியில் சாய்த்து, தோளை அசைக்காமல் திருப்பிப் பாருங்கள். கூன் போட்டு, செல்போன் பார்க்கிற மாதிரி தலையை முன்னே நீட்டிக்கொண்டு திருப்பினாலும் அளவு குறைந்துதான் தெரியும்.

தலை நிமிர்ந்த நிலையில் திருப்பிவிட்டு, மேல் மூட்டு சரியாக இருக்கிறது என்று முடிவு கட்டுவதும் தவறு. மேலே குறைவதைக் கீழ் மூட்டுகள் ஈடுகட்டி மறைத்துவிடும். அதனால்தான் பிசியோதெரபி செய்யும் நாங்கள் மல்லாக்கப் படுக்கவைத்து, தாடையை நெஞ்சுப் பக்கம் முழுக்கக் குனியவைத்து, அப்புறம் மெதுவாகத் திருப்பிப் பார்க்கிறோம். குனிந்த நிலையில் கீழ் மூட்டுகள் இறுகிவிடும். மிச்சம் திரும்புவது பெரும்பாலும் மேல் மூட்டு. நலமானவர்களுக்கு இதில் 40 டிகிரிக்குக் குறையாமல் வரும். 32, 33 டிகிரியிலேயே நின்றுவிட்டால் இறுக்கம் என்று எடுத்துக்கொள்வோம். இடது, வலதுக்கு இடையே சில டிகிரி வித்தியாசம் இருப்பது இயல்பு, அதற்குப் பயப்படத் தேவையில்லை.

"வயசாயிருச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு. வயது ஏற ஏறக் கழுத்தின் மொத்தத் திருப்பம் குறைவது உண்மைதான். ஆனால் குனியவைத்துப் பார்க்கும் இந்தத் திருப்பம் வயதோடு அவ்வளவாகக் குறைவதில்லை. அறுபது வயதில் அங்கே இறுக்கம் தெரிந்தால் பழியை வயதின் மேல் போடாமல் காட்டிப் பார்க்க வேண்டும்.

எனக்கு அதிகக் கவலை தருவது சலூன் திருகல். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி, ராத்திரி முழுக்க ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கினால் மறுநாள் கழுத்து பிடித்துக்கொள்ளும். முடி வெட்டும் இடத்திலோ, சுளுக்கு எடுப்பவரிடமோ தலையைக் கொடுக்கிறோம். ஒரு வெடுக்குத் திருகு, 'படக்' என்று சத்தம். எலும்பு இடத்தில் உட்கார்ந்துவிட்டதாக நம்புகிறோம். அந்தச் சத்தம் மூட்டு நீரில் வாயுக்குமிழியால் வருவது. எலும்பு எங்கேயும் போய் உட்காரவில்லை.

மூளையின் பின்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு குழாய்கள், கழுத்தெலும்புகளின் துளைகள் வழியே ஏறி, அந்த முதல் வளையத்தின் மேல் வளைந்துதான் உள்ளே போகின்றன. வெடுக்கென்று திருகும்போது குழாயின் உட்சுவர் கிழியலாம். அங்கே ரத்தம் கட்டிப் பக்கவாதம் வரலாம். அரிதுதான், ஆனால் முப்பது வயதுக்காரருக்கும் நேரக்கூடியது. முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்ற மூட்டு நோய்) உள்ளவர்களுக்கு முளையைப் பிடித்திருக்கும் நார் தளர்ந்திருக்க வாய்ப்புண்டு; அவர்கள் கழுத்தை யாரும் திருகவே கூடாது.

திருகிய பிறகு கழுத்திலோ பின்தலையிலோ இதுவரை இல்லாத கடும் வலி, தலைசுற்றல், பார்வை இரண்டாகத் தெரிவது, நாக்குக் குழறல், விழுங்கச் சிரமம், நடையில் தள்ளாட்டம் இவற்றில் ஒன்று வந்தாலும் படுத்தால் சரியாகிவிடும் என்று இருக்காதீர்கள். உடனே 108க்குக் கூப்பிடுங்கள்.

அடுத்த முறை நாற்காலியில் உட்காரும்போதே சொல்லிவிடுங்கள்: "அண்ணே, தலையை அமுக்கி மட்டும் விடுங்க, கழுத்தைத் திருக வேணாம்."