எலுமிச்சை இலை மஞ்சளானதும் யூரியா மூட்டையைப் பிரிக்காதீர்கள்

தென்காசி மாவட்டத்தில் புளியங்குடி, கடையநல்லூர் பக்கம் எலுமிச்சைத் தோட்டங்களில் மழை விட்ட மறுநாள் நடந்து பாருங்கள். மரத்தின் அடிமூட்டைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக யூரியா கிடக்கும். "இலை மஞ்சளடிச்சுப் போச்சு, அதான் போட்டேன்" என்பார்கள். அந்த ஒரு கைப்பிடியில் இரண்டு தவறுகள் இருக்கின்றன.

ஒன்று, இடம். மூட்டில் இருப்பது மரத்தைத் தாங்கும் பெருவேர். சத்தை உறிஞ்சும் சல்லிவேர்கள் கிளைகளின் விளிம்புக்கு நேர் கீழே, மேல்மண்ணில் ஓரடி ஒன்றரை அடிக்குள் பரவியிருக்கும். களைக்கொத்தால் மெல்லக் கீறினால் நூல் நூலாகத் தெரியும். அங்கே வட்டமாகத் தூவி, லேசாகக் கொத்தி மூடி, தண்ணீர் விட வேண்டும். எருவையும் மூட்டோடு அணைத்துக் குவிக்காதீர்கள். அங்கே ஈரம் தங்கினால் பட்டை அழுகிப் பிசின் வடியும்.

இரண்டாவது தவறுதான் பெரியது. எல்லா மஞ்சளும் ஒரே மஞ்சள் இல்லை. கிளையின் அடியிலுள்ள முதிர்ந்த இலை முழுதுமே வெளுத்தால் தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு; அதற்கு யூரியா சரி. முதிர்ந்த இலையில் காம்பை ஒட்டி மட்டும் தலைகீழ் 'வி' போலப் பச்சை நின்று மற்றதெல்லாம் மஞ்சளானால் மெக்னீசியம் போதவில்லை. கொழுந்து இலைகள் சிறுத்து, நரம்புகளுக்கு நடுவே திட்டுத் திட்டாக மஞ்சளானால் துத்தநாகம். கொழுந்து அளவில் சிறுக்காமல், வலை பின்னியதுபோல் நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்பு. இதற்கு நேர்மாறாக நரம்பு மஞ்சளாகி இலை பச்சையாக இருந்தால் வேரையோ அடிப்பட்டையையோ பாருங்கள். பெரும்பாலும் தண்ணீர் தேங்கியிருக்கும். அப்போது எந்த உரமும் வேலை செய்யாது, வடிகால்தான் வெட்ட வேண்டும்.

இரும்புக் குறைவில் இன்னொரு சிக்கல். மண்ணில் இரும்பு இருக்கும், மரத்துக்குக் கிடைக்காது. சுண்ணாம்பு அதிகமுள்ள மண் அதைப் பூட்டி வைத்துவிடும். தோண்டும்போது வரும் வெள்ளைச் சுக்கான் கல்லில் (சுண்ணாம்புக் கல்) உங்கள் தோட்டத்து எலுமிச்சையையே பிழிந்து பாருங்கள், நுரைத்து வரும். அப்படிப்பட்ட நிலத்தில் அன்னபேதியை (இரும்பு சல்பேட்) மண்ணில் போட்டால் அதுவும் பூட்டிக்கொள்ளும். துளிர் விரியும் சமயத்தில் இலையில் தெளிப்பதே பலன் தரும்.

அளவில் நடக்கும் குழப்பமும் சாதாரணமானதல்ல. ஆறாம் ஆண்டிலிருந்து மரத்துக்கு ஆண்டுக்குத் தழைச்சத்து 600 கிராம், மணிச்சத்து 200, சாம்பல்சத்து 300, தொழு உரம் 30 கிலோ என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. பலர் 600 கிராம் யூரியா என்று எடுத்துக்கொள்கிறார்கள். யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம்தான். ஆக, 1.3 கிலோ வேண்டும். மார்ச்சில் பாதி, அக்டோபரில் பாதி. மணிச்சத்துக்கு சூப்பர் பாஸ்பேட் என்றால் 1.25 கிலோ, சாம்பல்சத்துக்கு பொட்டாஷ் அரைக் கிலோ. இவற்றை எருவோடு அக்டோபரிலேயே இட்டுவிடலாம். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் குளோரைடு கலந்த சிவப்புப் பொட்டாஷைத் தவிர்த்து, சல்பேட் வகை பொட்டாஷ் வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் குளோரைடை எலுமிச்சை தாங்காது.

ஆள்கூலியை மிச்சப்படுத்த துத்தநாகம் தரும் ஜிங்க் சல்பேட்டையும், மணிச்சத்து தரும் டிஏபி உரத்தையும் ஒரே டிரம்மில் கரைப்பதும் வேண்டாம். இரண்டும் சேர்ந்து கரையாத உப்பாகி அடியில் படிந்துவிடும். மக்காத சாணமும் வேண்டாம், மரத்துக்குப் போக வேண்டிய தழைச்சத்தைத் தான் மக்குவதற்கு எடுத்துக்கொள்ளும்.

மண் பரிசோதனைக்குக் கொடுப்பவர்களும் நெல்வயலுக்கு எடுப்பதுபோல் மேலாக அரையடி மண்ணை அள்ளிக் கொடுக்கிறார்கள். பழமரத்துக்கு மூன்றடிக் குழி வெட்டி, ஒவ்வோர் அடிக்கும் தனித்தனிப் பையில் அரைக் கிலோ எடுக்க வேண்டும். எருக்குழி, வரப்பு, சமீபத்தில் உரம் போட்ட இடம் வேண்டாம். சுக்கான் இரண்டாவது அடியில்தான் இருக்கிறது என்றால் அந்த இரண்டாவது பைதான் அதைச் சொல்லும்.