குளிர்காலத்தில் ஊட்டிக்குப் பைக்கில் செல்வோர் உடை அணியும் முறை

மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் மேட்டுப்பாளையத்திலிருந்து பைக்கில் கிளம்புபவர், சுமார் 330 மீட்டர் உயரத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டிக்கு ஏறுவதால், வெப்பநிலை வழியிலேயே பத்து டிகிரிக்கு மேல் இறங்கிவிடக்கூடும். போதாக்குறைக்கு எதிர்க்காற்று வேறு: 10 டிகிரி குளிரில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஓட்டினால், மூடாத தோலுக்கு அது ஏறத்தாழ 5 டிகிரியாக உறைக்கும்.

சாதாரண உடை எதுவும் வெப்பத்தை உண்டாக்குவதில்லை; இழைகளுக்கிடையே அசையாமல் நிற்கும் காற்றுதான் உடல் வெப்பத்தை வெளியேறவிடாமல் காக்கிறது. அந்தக் காற்றை எதிர்க்காற்று கலைத்துவிடுவதால், திபெத்தியர் கடைகளில் வாங்கிய தடித்த ஸ்வெட்டரை எல்லாவற்றுக்கும் மேலே போட்டு ஓட்டுபவர் நடுங்குகிறார். அதன்மேல் ஒரு மழைக்கோட்டை மாட்டிக்கொண்டால் அதே ஸ்வெட்டர் நன்றாக வேலை செய்யும். சமவெளி வெயிலுக்காக வாங்கிய, காற்றுப் புகும் வலைத்துணியாலான மெஷ் ஜாக்கெட்டுக்கும் இது பொருந்தும். மழை லைனரை (ஜாக்கெட்டின் உள்ளே மாட்டும் நீர்புகா உறையை) பொருத்தாமல் மலையேற வேண்டாம். எந்த உடையும் இறுக்கமாக இருக்கக்கூடாது. இறுக்கினால் காற்றுக்கு இடமிருக்காது.

உடலை ஒட்டிப் பருத்திப் பனியன் அணிவதைத் தவிர்க்க வேண்டும். அது வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே கிடக்கும்; அசையாத காற்றைவிட நீர் இருபது மடங்குக்கும் அதிகமாக வெப்பத்தைக் கடத்தும். பாலியெஸ்டர் அல்லது மெரினோ கம்பளி உள்ளாடையே ஏற்றது. அடிவாரத்திலேயே எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு வேர்த்துப்போவதைவிட, வழியிலுள்ள பர்லியாறில் தேநீருக்கு நிறுத்தும்போது ஸ்வெட்டரைப் போட்டுக்கொள்வது நல்லது.

விரல்கள் மரத்துப்போவதற்குக் கையுறையை மட்டும் குறை சொல்ல முடியாது. நெஞ்சும் வயிறும் குளிர்ந்தால், உள்ளுறுப்புகளைக் காக்க உடல் முதலில் கை கால்களுக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைத்துவிடும். ஆகவே கையுறைக்குச் செலவிடும் முன் நெஞ்சை மூடுங்கள்; அவசரத்துக்கு ஜாக்கெட்டுக்குள் நான்கைந்து செய்தித்தாள்களை விரித்துச் செருகினாலும் காற்று நன்றாகவே தடைபடும். கையுறையின் மணிக்கட்டுப் பகுதி ஜாக்கெட் கையை முழுதாக மூடட்டும். கழுத்துக்கு மஃப்ளரைவிட, தலைவழியாக மாட்டிக்கொள்ளும் துணிக்குழாய் பாதுகாப்பானது. மஃப்ளர் முனை அவிழ்ந்து சக்கரத்தில் சிக்கக்கூடும். ஷூ இறுகும்படி இரண்டு சாக்ஸ் போடுவது இரத்த ஓட்டத்தையே தடுக்கும்.

பிரேக் லிவர் விரலுக்குத் தட்டுப்படவில்லை என்றால் வண்டியை உடனே ஓரமாக நிறுத்தி, கைகளை அக்குளில் வைத்துச் சூடாக்குங்கள். மரத்துப்போன விரலுக்குச் சூடு உறைக்காது என்பதால் இன்ஜினிலோ சைலன்சரிலோ கை வைக்க வேண்டாம்.