ஆறாம் வகுப்பில் மகனைச் சேர்க்கும் முன்

தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பை முடித்த மகனை ஜூன் மாதத்தில் அரசு ஆண்கள் மேல்நிலைப் பள்ளியில் சேர்க்க நினைக்கும் பெற்றோர், முதலில் பழைய பள்ளியிலிருந்து மாற்றுச் சான்றிதழைப் பெற்று, அதிலுள்ள பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி ஆகியவை பிறப்புச் சான்றிதழோடும் ஆதாரோடும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கின்றனவா என்று அங்கேயே நின்று சரிபார்க்க வேண்டும். இன்று அலட்சியப்படுத்தும் ஓர் எழுத்துப் பிழையைப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் ஏறிய பிறகு திருத்துவது பெரும் அலைச்சல்.

அடுத்தது எமிஸ் எண், அதாவது பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவேட்டில் ஒவ்வொரு மாணவனுக்கும் உள்ள அடையாள எண். பழைய பள்ளி இணையத்தில் மாணவனை விடுவித்தால்தான் புதிய பள்ளி அவனைத் தன் பதிவேட்டில் சேர்க்க முடியும் என்பதால், விடுவித்தாயிற்றா என்று தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. சாதிச் சான்றிதழ் இல்லையெனில் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். ஜூன் மாதத்தில் அங்கே கூட்டம் அலைமோதும் என்பதால் மே மாதமே உகந்தது.

பாடநூல்கள் பள்ளியிலேயே விலையின்றிக் கிடைக்கும். சத்துணவுத் திட்டத்தில் சேரும் மாணவனுக்கு எட்டாம் வகுப்பு வரை சீருடையும் உண்டு. வெளியில் வாங்கினால் கால்சட்டையின் அடியில் மடிப்பு விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். இந்த வயதுப் பையன்கள் அரையாண்டுத் தேர்வுக்குள் வளர்ந்துவிடுவார்கள்.

தமிழ்வழியா ஆங்கிலவழியா என்பதை விண்ணப்பத்தில் தெளிவாகக் குறிப்பிட்டு, ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். 2024-இல் தொடங்கப்பட்ட தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் உயர்கல்விக்கு மாதம் 1,000 ரூபாய் பெறுவதற்கு ஆறாம் வகுப்பு முதலான படிப்பு விவரமே அடிப்படை.