சர்வதேசப் போட்டியின் கார்பனை ஈடுகட்ட: முதலில் கணக்கு, கடைசியில் கிரெடிட்

கணக்கை மைதானத்தில் தொடங்காதீர்கள், விமானத்தில் தொடங்குங்கள். வெளிநாட்டு ரசிகர்கள் 20,000 பேர், போகவர ஆளுக்கு 12,000 கி.மீ., பயணி-கிலோமீட்டருக்கு 0.15 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று வைத்தால் 36,000 டன். ஜெனரேட்டரில் ஒரு லட்சம் லிட்டர் டீசல் எரித்தாலும் (லிட்டருக்குச் சுமார் 2.7 கிலோ) 270 டன்தான். 'ரசிகர் பயணம் எங்கள் பொறுப்பில்லை' என்று அந்த வரியை அடித்துவிட்டால் மிச்சக் கணக்கு வெறும் அலங்காரம். ஆகவே டிக்கெட் விற்கும்போதே புறப்படும் ஊரைக் கேட்டு வாங்குங்கள். விமானப் புகைத்தடம் போன்ற உயர்வானிலை விளைவுகள் உங்கள் உமிழ்வுக் காரணியில் (மேலே உள்ள 0.15 போன்ற எண்ணில்) சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் பிரிட்டிஷ் அரசின் அட்டவணையில் உள்ளதுபோல 1.7ஆல் பெருக்க வேண்டும்.

அடுத்தது கட்டுமானம். கணக்கு வளைவது பெரும்பாலும் இங்கேதான். 2022 கத்தார் உலகக் கோப்பைக்கு ஃபிஃபா மதிப்பிட்டது 36.3 லட்சம் டன். நிரந்தர மைதானங்களின் உமிழ்வில் போட்டி நாட்களுக்கான பங்கை மட்டும் சேர்த்ததால் அது மிகக் குறைவு என்றது கார்பன் மார்க்கெட் வாட்ச் என்ற கண்காணிப்பு அமைப்பு. 2023 ஜூனில் சுவிட்சர்லாந்தின் விளம்பர நெறி ஆணையமும் 'கார்பன் நடுநிலை' (உமிழ்ந்தது முழுவதும் ஈடாகிவிட்டது) என்ற ஃபிஃபாவின் விளம்பரத்துக்கு ஆதாரம் இல்லையென்று தீர்ப்பளித்தது. போட்டிக்காகவே எழுப்பிய மைதானம் என்றால் முழு டன்னையும் எழுதுங்கள். அதைவிட நல்லது, கட்டாமலிருப்பது: பாரிஸ் 2024இல் 95% அரங்குகள் ஏற்கெனவே இருந்தவை அல்லது தற்காலிகமானவை. ஜெனரேட்டருக்குப் பதில் மின்கட்டமைப்பு இணைப்பு வேண்டுமென்றால் அரங்கு முடிவானதுமே விண்ணப்பியுங்கள். கடைசி நேரத்தில் கிடைக்காது.

குறைத்தது போக மிஞ்சியதற்குத்தான் கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது வேறோர் இடத்தில் ஒரு திட்டம் தவிர்த்த அல்லது உறிஞ்சிய ஒரு டன்னுக்கான சான்று. கிரெடிட் விற்ற பணம் வராவிட்டாலும் நடந்திருக்கக்கூடிய திட்டமா என்பதே முதல் கேள்வி. மின்கட்டமைப்புக்கு விற்கும் பழைய காற்றாலை, சூரிய மின் கிரெடிட்டுகள் பெரும்பாலும் இதில்தான் தோற்கும். மலிவாகக் கிடைப்பதற்கும் அதுவே காரணம். காட்டுத் திட்டம் என்றால் தீப்பிடித்தால் ஈடுசெய்ய ஒதுக்கிய இருப்பு எவ்வளவு என்று கேளுங்கள்.

பலர் சறுக்குவது அதற்குப் பிறகு. பணம் கட்டினால் ஈடாகிவிடாது; கிரெடிட் இடைத்தரகர் கணக்கிலேயே கிடந்தால் அதை இன்னொருவருக்கும் விற்கலாம். கிரெடிட்டுகளுக்குச் சான்றளிக்கும் வெர்ரா அல்லது கோல்ட் ஸ்டாண்டர்ட் அமைப்பின் பதிவேட்டில் அதை 'ரிட்டயர்' செய்ய (இனி யாருக்கும் விற்க முடியாதபடி முடித்துவைக்க) வைத்து, பயனாளர் பெட்டியில் போட்டியின் பெயரும் ஆண்டும் இருக்கிறதா பாருங்கள். வரிசை எண்கள் கைக்கு வந்தபிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள்.

போட்டி முடிந்ததும் உண்மையான டிக்கெட், டீசல், மின்சார எண்களை வைத்து மறுகணக்குப் போட்டு, பற்றாத டன்னுக்குக் கூடுதல் கிரெடிட் வாங்குங்கள். அறிக்கையில் 'நடுநிலை' என்ற சொல் வேண்டாம்: உமிழ்ந்தது இத்தனை டன், ரிட்டயர் செய்தது இத்தனை, வரிசை எண்கள் இவை.