கோஷா ஆஸ்பத்திரியின் வரலாற்றைத் தேடிப் படிக்க

முதலில் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று மட்டும் தேடினால் பாதி வரலாறு கிடைக்காது. 1885இல் தொடங்கியபோது அது ‘விக்டோரியா காஸ்ட் அண்ட் கோஷா ஹாஸ்பிட்டல்’. கோஷா என்றால் பெண்கள் பர்தாவுக்குள் இருக்கும் வழக்கம். எங்கள் பாட்டி கடைசிவரை கோஷா ஆஸ்பத்திரி என்றுதான் சொன்னார்.

அடுத்து மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர். 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர். லண்டனில் மேலும் படித்துத் திரும்பினார். ஆண் மருத்துவரிடம் காட்ட வழியில்லாமல் பர்தாவுக்குள்ளேயே பிரசவத்தில் செத்துப்போன பெண்களைப் பார்த்து மனம் பொறுக்காமல் இந்த மருத்துவமனையைத் தொடங்கப் பாடுபட்டார். தன் வாழ்க்கையைத் தானே எழுதியும் வைத்திருக்கிறார். என்னைக் கேட்டால், அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

அப்புறம் பணம் வந்த வழி. கட்டடத்துக்கு வெங்கடகிரி ராஜா ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார். 1921இல் மருத்துவமனையை அரசு ஏற்றுக்கொண்டது. அதனால் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பழைய பெயர், ஆண்டு இரண்டையும் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்.

நேரில் போனால் வார்டுகளுக்குள் கேமராவோடு நுழையாதீர்கள். இன்றும் அங்கே பிரசவம் நடக்கிறது. வலியில் இருப்பவர்களைப் படம் எடுப்பது பெரிய தப்பு.