டாப்னியாவுக்கு மரபுக் குறிப்பான் உருவாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு ஏரியில் வாழும் டாப்னியாக்கள் எத்தனை மரபுவழிகளைச் சேர்ந்தவை, பக்கத்து ஏரியில் உள்ளவற்றோடு கலக்கின்றனவா என்று அறிய மைக்ரோசாட்டிலைட் குறிப்பான்கள் இன்றும் நன்றாக உதவுகின்றன. டிஎன்ஏவில் ஒன்று முதல் ஆறு எழுத்துகள் கொண்ட துண்டு அடுத்தடுத்துத் திரும்ப வரும் இடங்கள் அவை. எத்தனை முறை திரும்புகிறது என்பது உயிரிக்கு உயிரி மாறும். மீனுக்கும் பூச்சிக்கும் குறிப்பான் உருவாக்கும் முறை டாப்னியாவுக்கும் பொருந்தும் என்று நம்பி இறங்குவதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன. சில மில்லிமீட்டரே உள்ள இந்த நன்னீர் ஓட்டுடலி, வளரும் பருவத்தின் பெரும்பகுதியில் ஆணின் துணையின்றியே பெருகுகிறது. மகள்கள் தாயின் குளோன்கள். நிலைமை கெடும்போதுதான் ஆண்கள் தோன்றி, கலவியால் உறக்க முட்டைகள் உருவாகின்றன.

இதை மறந்தால் நல்ல குறிப்பானைக்கூடத் தூக்கி எறிய நேரும். உறக்க முட்டைகள் பொரிந்து வரும் வசந்தத்தில் ஏரியில் மரபு வகைகள் மலிந்திருக்கும். கோடை முடிவதற்குள் சில குளோன்களே மேலோங்கிவிடலாம். அப்போது பிடித்த நாற்பது உயிரிகள் உண்மையில் ஐந்தாறு தாய்களின் பிரதிகளாக இருக்கலாம். அவற்றை வைத்து ஹார்டி-வெயின்பெர்க் சோதனை (தற்செயலாகக் கலந்து இனப்பெருக்கம் செய்தால் வர வேண்டிய மரபு விகிதங்களோடு ஒப்பிடுவது) செய்தால் விலகல் வருவது இயல்பு. அதைக் குறிப்பானின் குறை என்று எழுதுவது தவறு. முதலில் எல்லா லோகஸ்களையும் (குறிப்பான் அமைந்த டிஎன்ஏ இடங்கள்) சேர்த்துப் பார்த்து, ஒரே மரபு வகை கொண்டவற்றை ஒன்றாக எண்ணி, வகைக்கு ஒன்று மட்டும் வைத்துக்கொண்டு சோதனையை மறுபடி செய்யுங்கள். பல லோகஸ்கள் சேர்ந்து விலகினால் காரணம் உயிரியின் வாழ்க்கையில் இருக்கிறது. ஒரே லோகஸ் மட்டும், ஏரிக்கு ஏரி, ஹெட்டரோசைகோட் (இரண்டு வெவ்வேறு அல்லீல்கள் கொண்ட உயிரி) குறைவைக் காட்டினால் அங்கே ப்ரைமர் (டிஎன்ஏவை நகலெடுக்கத் தொடங்க ஒட்டும் சிறு துண்டு) ஒட்டாத அல்லீல் (அந்த இடத்தின் மாற்று வடிவம்) இருக்கிறதா என்று பாருங்கள். வட அமெரிக்காவின் டாப்னியா புலெக்ஸில் கலவியையே முற்றிலும் கைவிட்ட மரபுவழிகளும் உண்டு. அவற்றுக்கு இந்தச் சோதனையே பொருந்தாது.

மூன்று நான்கு லோகஸ்களோடு நிறுத்திவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. வேறு வேறு குளோன்கள் ஒன்றாகத் தெரிய அதுவே போதும். லோகஸ் ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சேர்க்க எத்தனை மரபு வகைகள் பிரிகின்றன என்று வரைபடம் போடுங்கள். கோடு இன்னும் ஏறிக்கொண்டே இருந்தால் குறிப்பான்கள் போதவில்லை. எட்டு முதல் பன்னிரண்டு வரை வைத்துத் திட்டமிடுவது நல்லது.

இனத்தை உறுதி செய்யாமல் தொடங்காதீர்கள்

உருவத்தால் பிரிக்க முடியாத இனங்கள் இந்தப் பேரினத்தில் ஏராளம். மைட்டோகாண்ட்ரியாவின் சிஓஐ மரபணுவை மட்டும் பார்ப்பதும் போதாது. அது தாய்வழியில் மட்டுமே வருவதால் கலப்பினத்தைக் காட்டிக்கொடுக்காது. கான்ஸ்டன்ஸ் ஏரி இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. இருபதாம் நூற்றாண்டில் அங்கே பாஸ்பரஸ் கழிவு பெருகியபோது டாப்னியா கலியேட்டா குடியேறி, ஏற்கெனவே இருந்த டாப்னியா லாங்கிஸ்பினாவோடு கலந்தது. அப்படிப்பட்ட ஏரியில் ஒரே இனம் என்று எண்ணிக் குறிப்பான்களைச் சோதித்தால் இரண்டு இனங்களின் அல்லீல்களும் கலப்பினங்களின் அல்லீல்களும் ஒரே அட்டவணையில் குவியும். சிஓஐயோடு செல்லின் உட்கருவிலுள்ள ஐடிஎஸ் என்ற டிஎன்ஏ பகுதியையும் பார்த்துவிட்டு, இரண்டும் ஒத்துப்போகும் உயிரிகளை முதற்கட்டச் சோதனைக்கு எடுங்கள்.

பிடிப்பதும் பதப்படுத்துவதும்

மிதவையுயிரி எண்ணுபவர்கள் சர்க்கரை கலந்த ஃபார்மலின் பயன்படுத்துவார்கள். முட்டைப்பை கலையாமல் இருக்க அது நல்லது, டிஎன்ஏவுக்கு ஆகாது. எனவே மரபுச் சோதனைக்கான பங்கைத் தனியாகப் பிரித்து 95 சதவீத எத்தனாலில் போடுங்கள். வலையோடு நீரை நன்றாக வடித்துவிட வேண்டும், இல்லையென்றால் எத்தனால் நீர்த்துப் போகும். மறுநாள் ஒருமுறை மாற்றிவிட்டு, மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். எத்தனாலில் டாப்னியாவின் ஓடு விரிந்து முட்டைகள் வெளியேறும். பக்கத்து உயிரியின் முட்டை ஒட்டிக்கொண்டு வந்தால் இயந்திரம் வரையும் கோட்டில் அல்லீலுக்கு ஒன்றாக இரண்டுக்குப் பதில் மூன்று, நான்கு உச்சங்கள் தெரியும். ஆகவே ஒவ்வொன்றையும் நுண்ணோக்கியின் கீழ் தூய நீரில் அலசிவிட்டு எடுங்கள். எத்தனால் மிச்சமிருந்தால் பிசிஆர் (டிஎன்ஏவைப் பலமடங்கு நகலெடுக்கும் முறை) சரியாக நடக்காது என்பதற்காகவும் இந்த அலசல் தேவை.

டாப்னியா தன் பையில் சுமக்கும் குளோன் முட்டைகளால் தீங்கில்லை, அவை தாயின் மரபு வகையே. வேறு சிறு ஓட்டுடலிகளான கோப்பிபாட்களிலும் தேவதை இறால்களிலும் நிலைமை வேறு. அவை சுமக்கும் கருவுற்ற முட்டைகளில் தந்தையின் அல்லீல்களும் இருக்கும். அங்கே முட்டைப்பையை நீக்கிவிட்டே டிஎன்ஏ எடுக்க வேண்டும். டாப்னியாவிலும் எஃபிப்பியம் எனப்படும் உறக்க முட்டைக் கூட்டை அப்படியே அரைக்கக் கூடாது. கூடு தாயின் திசுவாலானது, உள்ளே இருக்கும் இரண்டு முட்டைகள் கலவியில் பிறந்தவை. கூட்டைத் திறந்து, முட்டைகளைத் தனித்தனியாக எடுங்கள். வெறுங்கூடுகளும் நிறைய வரும்.

தனி உயிரிக்கு விலை உயர்ந்த கிட் தேவையில்லை. 25 மில்லிமோலார் சோடியம் ஹைட்ராக்சைடு, 0.2 மில்லிமோலார் இடிடிஏ கொண்ட கரைசலில் 95 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து, குளிர்வித்து, அதே அளவு 40 மில்லிமோலார் டிரிஸ் அமிலக் கரைசல் சேர்த்தால் போதும். இந்தச் சாறு நெடுநாள் நிலைக்காது, சீக்கிரம் பயன்படுத்திவிடுங்கள்.

குறிப்பான்களைக் கண்டெடுக்க வரிசைப்படுத்தலுக்கான டிஎன்ஏ துண்டுகளின் தொகுப்பு (நூலகம்) தயாரிக்கும்போது மட்டும் இந்த எளிமை கூடாது. ஏரியிலிருந்து பிடித்ததை நேரே வரிசைப்படுத்தினால் குடலிலுள்ள பாசியும் பாக்டீரியாவும் சேர்ந்து வரும். ஒரே தாயிலிருந்து குளோன் வளர்த்து, ஆன்டிபயாட்டிக் நீரில் வைத்து, உணவுக்குப் பதிலாக செஃபடெக்ஸ் என்ற நுண்ணிய ஜெல் மணிகளை விழுங்கச் செய்து குடலைக் காலியாக்கிவிட்டு டிஎன்ஏ எடுங்கள்.

ப்ரைமர் வடிவமைப்பு

டாப்னியா புலெக்ஸின் மரபணுத்தொகுதி 2011இல் வெளியானது. சுமார் 20 கோடி கார இணைகள் (டிஎன்ஏ எழுத்து ஜோடிகள்) கொண்ட அதில், நகலெடுத்து அருகருகே அமைந்த மரபணுக்கள் மிகுதி. எனவே ப்ரைமர் ஒரே இடத்தில்தான் ஒட்டுகிறதா என்று கணினியில் பார்க்காமல் ஆர்டர் கொடுக்காதீர்கள். இரண்டு நகல்களில் ஒட்டும் ப்ரைமர், எல்லா உயிரியையும் ஹெட்டரோசைகோட்டாகக் காட்டும். ஒரே குளோன் நிறைந்த ஏரியும் அப்படித்தான் காட்டும், அதனால் ஒரு ஏரியை வைத்து முடிவெடுக்க முடியாது. மூன்று உச்சங்கள் என்றவுடன் மாசு என்று ஒதுக்குவதிலும் அவசரம் வேண்டாம். ஆர்க்டிக் பகுதியில் மூன்று அல்லது நான்கு குரோமோசோம் தொகுதிகள் கொண்ட குளோன்கள் உண்டு.

இடையில் முறியாத, எட்டு முதல் பதினைந்து முறை திரும்பும் பகுதிகளைத் தேர்ந்தெடுங்கள். இரண்டெழுத்துத் திரும்பலில் நிழல் உச்சங்கள் (நகலெடுக்கும்போது திரும்பல் எண்ணிக்கை தவறுவதால் அருகில் தோன்றும் போலி உச்சங்கள்) அதிகம், மூன்றெழுத்து படிக்க எளிது. விளைபொருள் 100 முதல் 350 இணைகளுக்குள் இருக்கட்டும். மிக நீண்டால் பெரிய அல்லீல் பெருகாமல் நின்றுவிடும். பின் (ரிவர்ஸ்) ப்ரைமரின் தொடக்கமான 5' முனையில் ஜி-டி-டி-டி-சி-டி-டி என்ற வாலைச் சேர்த்தால், நொதி கடைசியில் ஓர் ‘ஏ’வை ஒருமுறை சேர்த்து ஒருமுறை விடும் தொல்லை குறையும்.

ஒரே ஏரியின் உயிரிகளில் அதிகம் மாறும் லோகஸ்களை மட்டும் பொறுக்கினால் அந்த ஏரியே மரபு வளம் மிக்கது போலத் தோன்றும். ஐந்தாறு ஏரிகளிலிருந்து ஒன்றிரண்டு எடுத்துத் தேர்வு செய்யுங்கள்.

பிழை வீதத்தை அளக்காமல் வெளியிடாதீர்கள்

பெரும்பாலான விலங்குகளில் இல்லாத வசதி இங்கே இருக்கிறது. சில குளோன்களை ஆய்வகத்தில் வளர்த்து, ஒவ்வொன்றிலும் தாயையும் பல மகள்களையும் சோதியுங்கள். அல்லீல்கள் ஒன்றாகத்தான் வர வேண்டும். வேறுபாடு வந்தால் அது பெரும்பாலும் நம் பிழைதான், சில தலைமுறைக்குள் புதுத் திரிபு வருவது மிக அரிது. பொறுமை இருந்தால் இன்னொரு படி போகலாம். ஒரே குளோனின் ஆணும் பெண்ணும் கூடி உருவாகும் உறக்க முட்டைகளைக் குளிரில் வைத்துப் பொரிக்கச் செய்யுங்கள். தாய் ஹெட்டரோசைகோட்டாக இருந்த லோகஸ் குஞ்சுகளில் 1:2:1 எனப் பிரிய வேண்டும். தாயில் ஒற்றை உச்சம் தெரிந்த லோகஸில் குஞ்சுகளில் கால் பங்கு எதுவுமே காட்டவில்லை என்றால், ப்ரைமர் ஒட்டாத அல்லீல் ஒன்று அங்கே ஒளிந்திருக்கிறது.

இந்தக் குளோன்களில் இரண்டின் டிஎன்ஏவை நிறைய எடுத்து வைத்து, ஒவ்வொரு பிசிஆர் தட்டிலும் ஒரு குழியில் போடுங்கள். இயந்திரமோ சாயமோ மாறினால் அதே அல்லீல் ஒன்றிரண்டு இணைகள் தள்ளிப் படிக்கப்படும். இரண்டெழுத்துத் திரும்பலில் அது புது அல்லீலாகவே பதிவாகிவிடும். மாதிரிக் குளோனின் அளவைப் பார்த்துத்தான் அந்தத் தட்டு முழுவதையும் சரிசெய்ய முடியும்.