ரேடியேஷன் ஆங்காலஜியை ஆப் வைத்துக் கற்பிக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

கதிர்வீச்சால் புற்றுநோய்க்குச் சிகிச்சை தரும் எங்கள் துறையில், ஒவ்வொரு வருடமும் புதிதாகச் சேரும் உதவிப் பேராசிரியர்கள், பி.ஜி. மாணவர்களுக்கு போனில் பாடம் நடத்தக் கிளம்புகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் நாங்கள் அந்தக் காலத்தில் செய்த அதே கூத்துகளை அவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். ரவுண்ட்ஸில் போனை சைலன்டில் போடுங்கள் என்பதையெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை. விவரம் தெரிந்தவர்களே செய்பவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதல் நாளே கால்குலேட்டர் ஆப்பைக் கொடுப்பது

எனக்கு இன்றும் எரிச்சல் வரவைப்பது இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

பிளானிங் மீட்டிங்கில் ஒரு கேஸ். மார்பகப் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவி, ஏற்கெனவே 10 ஃபிராக்‌ஷனில் (தவணையில்) 30 கிரே (கதிர்வீச்சு அளவின் அலகு) வாங்கியவர். அதே இடத்தில் மறுபடி வலி. இந்த முறை 5 ஃபிராக்‌ஷனில் 20 கிரே கொடுக்கலாமா என்று பேச்சு. இரண்டாம் வருட மாணவர் போனைப் பார்த்து, "இ.க்யூ.டி.2 ரெண்டும் சேர்த்து 55.8 வருது சார்" என்றார். ஒரு தவணைக்கு 2 கிரே வீதம் கொடுத்தால் எவ்வளவுக்குச் சமம் என்று சொல்லும் கணக்குதான் இ.க்யூ.டி.2.

டோஸ் கணக்கைச் சரிபார்க்கும் எங்கள் பிசிசிஸ்ட் நிமிர்ந்து பார்த்தார். "ஆல்ஃபா-பீட்டா எவ்வளவு போட்டீங்க டாக்டர்?"

"நான் எதுவும் போடலை சார். அதுவே வந்துச்சு."

அதுவே வந்தது 10. கட்டிக்குப் பொதுவாக எடுத்துக்கொள்ளும் மதிப்பு. நாம் பயப்பட வேண்டியதோ தண்டுவடத்துக்கு. அதற்கு வழக்கமாக எடுப்பது 2. இந்த மதிப்பு சிறியதாக இருந்தால், ஒரு ஃபிராக்‌ஷனின் அளவு கூடக்கூட அந்தத் திசுவுக்கு அடி பலமாக விழும் என்று அர்த்தம். 2 போட்டுக் கணக்குப் பார்த்தால் முதல் சிகிச்சை 37.5, இரண்டாவது 30, மொத்தம் 67.5. கிட்டத்தட்ட 12 கிரே வித்தியாசம், ஒரு பெட்டியை நிரப்பாமல் விட்டதால்.

சரி, 67.5 என்றால் சிகிச்சையே கூடாதா? அப்படியும் இல்லை. தண்டுவடம் மாதங்கள் போகப்போக ஓரளவு மீளும். பி.இ.டி.யில், அதாவது டோஸ் திசுவை எவ்வளவு தாக்கும் என்று காட்டும் இன்னொரு கணக்கில் பார்த்தால், 75-உம் 60-உம் சேர்ந்து 135. மொத்தம் 135.5-ஐத் தாண்டாமல், எந்த ஒரு சிகிச்சையும் 98-ஐத் தாண்டாமல், இடைவெளி 6 மாதத்துக்குக் குறையாமல் இருந்தால் ஆபத்து குறைவு என்று ஒரு அளவுகோல் உண்டு. எண்கள் மயிரிழையில் உள்ளே வருகின்றன. ஆனால் அந்த நோயாளிக்கு முதல் சிகிச்சை முடிந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. இடைவெளி எவ்வளவு என்று கேட்கும் பெட்டியே அந்த ஆப்பில் கிடையாது. அன்றைக்கு அந்தப் பிளானை நிறுத்தி, தண்டுவடத்துக்கு டோஸ் குறையும்படி வேறு பிளான் போட்டோம்.

மாணவரைத் திட்டி என்ன பயன்? எனக்குக் கோபமெல்லாம் சேர்ந்த வாரமே "இதை இன்ஸ்டால் பண்ணிக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போன ஆசிரியர் மேல்தான். தண்டுவடப் பாதிப்பு மறுநாள் தெரிவதில்லை. பல மாதங்கள், சில சமயம் வருடங்கள் கழித்துத்தான் கால் மரத்துப்போகும், நடை தடுமாறும். அதற்குள் கணக்குப் போட்டவர் படிப்பை முடித்து வேறு ஊருக்குப் போயிருப்பார். தான் செய்த தவறு அவருக்குத் தெரியவே வராது.

நான் இப்போது செய்வது இது. முதலில் பேப்பர், பேனா. மொத்த டோஸை, ஒரு ஃபிராக்‌ஷன் டோஸும் ஆல்ஃபா-பீட்டாவும் சேர்ந்த தொகையால் பெருக்கி, 2-உம் ஆல்ஃபா-பீட்டாவும் சேர்ந்த தொகையால் வகுக்க வேண்டும். அவ்வளவுதான் கணக்கு. 30/10, 20/5, ஒரே தடவையில் 8 கிரே என மூன்றையும் ஒருமுறை 10 வைத்து, ஒருமுறை 2 வைத்துப் போடச் சொல்வேன். அந்த 8 கிரே ஒரு பக்கம் 12 ஆகவும் மறுபக்கம் 20 ஆகவும் வரும்போது முகம் மாறும் பாருங்கள், அதற்கப்புறம்தான் ஆப். அதிலும் வேண்டுமென்றே தவறான மதிப்பைப் போட்ட ஸ்கிரீன்ஷாட்டைக் கொடுத்து எங்கே பிழை என்று கேட்பேன்.

போனில் கான்டூர் வரையச் சொல்வது

கான்டூர் என்பது ஸ்கேனில் கட்டியைச் சுற்றி வரையும் எல்லைக் கோடு. போனில் வரைந்தால் விரல் நுனி கட்டியையே மறைத்துவிடும். அதைவிட மோசம், வாட்ஸ்அப்பில் வரும் சி.டி. படத்தில் விண்டோவை, அதாவது எந்தத் திசு தெளிவாகத் தெரிய வேண்டும் என்ற வெளிச்ச அமைப்பை, மாற்ற முடியாது. நுரையீரல் கட்டியை, நெஞ்சின் நடுப்பகுதிக்கான மீடியாஸ்டைனல் விண்டோவில் மட்டும் பார்த்து வரைந்தால் அதன் ஓரம் வெளியே போய்விடும். இகான்டூர் போன்ற தளங்களில் ஸ்லைஸ் ஸ்லைஸாகத் தள்ளிப் பார்த்துக் கற்கட்டும். பஸ்ஸில் வரும்போதுகூடப் பார்க்கலாம். வரைவது வொர்க்ஸ்டேஷனில்.

ஆப் கடைசியாக எப்போது அப்டேட் ஆனது என்று பார்க்காதது

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று சொல்லும் ஃபிகோ நிலை வகைப்பாடு 2018-இல் மாறியது. நிணநீர் முடிச்சில் பரவியிருந்தால் இப்போது 3சி: இடுப்புக்குள் என்றால் 3சி1, பெருந்தமனியை ஒட்டி என்றால் 3சி2. பழைய ஆப்பில் 3சி என்ற ஒன்றே இருக்காது. மாணவர் தேடிப் பார்த்துவிட்டு, இருப்பதில் ஒன்றைத் தட்டிவிடுவார்.

பிளான் படத்தை குரூப்பில் போடுவது

பெயரையும் எண்ணையும் மறைத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். தலை, கழுத்து கேஸின் முப்பரிமாணப் படத்தில் நோயாளியின் முகமே தெரியும்.

லினாக் அறையில் நெட் கேட்கும் ஆப்

லினாக் என்பது கதிர்வீச்சு கொடுக்கும் இயந்திரம். அந்த அறையைச் சுற்றிலும் கனமான கான்கிரீட். சிக்னல் வராது. முன்பே டவுன்லோடு செய்துவையுங்கள்.

எம்.பி.பி.எஸ். மாணவருக்கும் அதே ஆப்

அவருக்கு இ.க்யூ.டி.2 எதற்கு? புற்றுநோய் உள்ளவர் முதுகுவலியோடு வந்து, கால் பலமிழக்கிறது என்று சொன்னால், கட்டி தண்டுவடத்தை அழுத்துகிறதா என்று பார்க்க அன்றைக்கே எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும், டெக்ஸாமெதசோன் (வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு) பற்றி உடனே சீனியரிடம் கேட்க வேண்டும், எங்களுக்கு போன் செய்ய வேண்டும். போஸ்டிங் முடிவதற்குள் அவர் இதைக் கற்றுக்கொண்டாரா என்று மட்டும் பாருங்கள்.